எர்த் கொக்கி

நெருஞ்சிப்பாளையத்தில் அந்த வருஷம் மாசி மாதத்தில் எதைத் தொட்டாலும் அடித்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் டிக். வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுத்தால் டிக், டிக். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்தபோது பொறி பறந்தது. போட்டோகிராபர் அதைத் தவறவிட்டதால் மறுபடியும் ஒருமுறை பிடிக்கச் சொன்னார்; மாப்பிள்ளை மறுத்துவிட்டார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மூன்று வருஷமாகக் காற்றில் ஈரம் இல்லை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் வருகிற சாமான்கள் எல்லாம் இரும்பை விட்டுவிட்டு நுரைப் பிளாஸ்டிக் உடம்போடு வர ஆரம்பித்திருந்தன. தூக்க லேசு, துருப்பிடிக்காது. ஆனால் அதில் சேருகிற நிலைமின்சாரத்துக்கு வெளியே போக வழி கிடையாது. பிளக்கின் மூன்றாவது முள் இரும்பு உடம்புக்குத்தான் காவல். பிளாஸ்டிக்கில் சேர்ந்தது, முதலில் கை வைக்கிற ஆளுக்காகக் காத்திருக்கும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் கோகிலவாணி. பாலிடெக்னிக் படித்தவள். பதினொரு வருஷமாக ஒரு மாவு மில்லின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்து வந்தாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு செம்புக் கொக்கி செய்தாள். அதன் பற்களில் சிரட்டைக் கரியோடு வேறு ஏதோ சேர்த்து அரைத்த கறுப்புப் பசை. கொக்கியைச் சாமானின் முதுகில் மாட்டி, ஒயரை எர்த் குழிக்கு இழுத்துவிட்டால் போதும். அடிப்பது நின்றுவிடும். அந்தப் பசையில் என்ன சேர்த்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நகராட்சி மனு மையத்தில் டோக்கன் மெஷின் இரண்டு மாதத்தில் ஐந்து முறை நிலைமின்சாரத்தால் கருகிப் போயிருந்தது. கோகிலவாணியைக் கூப்பிட்டார்கள். டோக்கன் மெஷின், ஸ்கேனர், மனு வாங்கும் கவுண்டரின் மேற்பலகை, ஆணையரின் மேஜை என்று பதினொரு கொக்கி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஆணையர் இன்பசேகரன் அவளை வரச் சொன்னார்.

“ரிப்பேர் ஆயிருச்சுங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டேதான் அவள் உள்ளே போனாள்.

“மெஷின் நல்லா ஓடுது மேடம். மனுஷங்கதான் மாறிட்டாங்க. உட்காருங்க.”

திங்கட்கிழமை மனு நாள். முன்பெல்லாம் மதியம் இரண்டு மணி வரைக்கும் கூச்சல் அடங்காது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். இப்போது பதினொரு மணிக்கே கூடம் காலி. வந்தவர்களில் பாதிப் பேர் கொண்டுவந்த மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

“போன திங்கக்கிழமை ஒருத்தர், வீட்டுக்குள்ள சாக்கடைத் தண்ணி வருதுன்னு அதைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு வந்தார். என் மூஞ்சில ஊத்தறதுக்குன்னே கொண்டு வந்திருக்கார். டோக்கன் எடுத்தார். கவுண்டர்ல கையை ஊணிட்டு நின்னார். அப்புறம் பாட்டிலை ஜன்னல்ல வச்சுட்டு, ‘உங்க ஆபீஸ் நல்ல காத்தோட்டமா இருக்குதுங்க’ன்னுட்டுப் போயிட்டார். என்ன மேடம் பண்ணீங்க?”

கோகிலவாணி குனிந்து, மேஜையில் தான் மாட்டிய கொக்கியைப் பார்த்தாள்.

“நம்ம உடம்புலயும் சார்ஜ் சேரும் சார். செருப்பு போட்டு நடந்தா, துணி உரசினா, இந்த வறண்ட காத்துல நின்னா. அது சேரச் சேர நரம்பு முறுக்கிட்டு நிக்கும். கோவம் பிடிச்சு நிக்கறதுக்கு அதுதான் கொடிக்குக் கொம்பு மாதிரின்னு நெனக்கறேன். என் கொக்கி, சாமான்ல இருக்கறதோட சேத்து, தொட்டவங்க உடம்புல இருக்கறதையும் உருவிருது போல.”

“உருவி?”

“மண்ணுக்குள்ள விட்டுருது.”

ஆணையர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தாறு வருஷம் ஊர் ஊராகத் திட்டு வாங்கிக் களைத்தவர். “இருபத்து நாலு வார்டுக்கும் குடுத்துரலாம் மேடம். வீட்டுக்கு வீடு. ஃபிரிட்ஜுக்கு ஒண்ணு, மிக்ஸிக்கு ஒண்ணு. ஊரே நிம்மதியா இருக்கட்டும். செய்வீங்கல்ல?”

கோகிலவாணியின் இரண்டு கையும் அவருடைய மேஜைமேல் இருந்தன. “செஞ்சுறலாம் சார்,” என்றாள். அதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை என்றே அப்போது தோன்றியது.

தன் வீட்டிலும் மாட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாவு மில் உரிமையாளர் வீடு தேடி வந்து, தன் மருமகன் கடை வைக்கப் போவதாகவும் பின்பக்கத்து அறைகளை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அவள் ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். “சரிங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க,” என்றாள். அவர் சண்டைக்குத் தயாராக வந்தவர். மிரண்டுபோய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் வறண்ட காற்றில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினொரு வருஷம் இருந்த இடம். ஒரே வாரம். மோர் வேறு. “அதெப்படி!” என்று ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று கத்தினாள்.

“ஸ்டாப் இன்னும் வரலீங்க,” என்றார் கண்டக்டர் பயந்துபோய்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நின்றபடியே மில்காரரிடம் இருபது நிமிஷம் போனில் பேசினாள். ஐப்பசி வரைக்கும் இருக்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் விட்டாள். போனை வைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காமல் போயிருந்தால்? அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த கொக்கிகளைக் கழற்றிவிட்டாள். நகராட்சியில் மாட்டிய பதினொன்றும் நினைவில் உறுத்திக்கொண்டே இருந்தன.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மனு மையத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு ஐந்து பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் பாப்பாத்தி. ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருக்கிற நூல் மில்லில் இருபது வருஷமாக வேலை. மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி உரமேறிய குரல்.

“இந்தத் தடவை கையெழுத்து வாங்காம போறதில்லீங்க!” என்று மனுவைக் கவுண்டரில் அறைந்தாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “பஸ் ஸ்டாப்பை மில்லு வாசல்ல இருந்து தூக்கி, ஒண்ணரைக் கிலோமீட்டர் தள்ளிக் கல்யாண மண்டபத்துக்கு முன்னால வச்சது யாருன்னு எனக்குத் தெரியோணும்!”

கவுண்டரில் இருந்த வெள்ளிங்கிரி புன்னகை செய்தார். “வாங்கக்கா. சொல்லுங்க.”

பாப்பாத்தி சொல்வதற்காக இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் ஊன்றினாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஏறியிருந்த தோள்கள் இறங்கின. நெற்றிச் சுருக்கம் விலகியது.

“சட்டை நல்லா இருக்குதுங்க,” என்றாள். “எங்க எடுத்தீங்க?”

“சம்சாரம் எடுத்துக் குடுத்ததுங்கக்கா.”

“நல்ல பொறுமைசாலியாட்ட இருக்குது. தேடி எடுத்திருக்குது.”

மற்ற நான்கு பேரும் வரிசையாகக் கவுண்டரைத் தொட்டுக்கொண்டு நின்று அந்தச் சட்டையைப் பாராட்டினார்கள். பிறகு மனுவை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கோகிலவாணி அவர்கள் பின்னாலேயே போனாள். பத்து நிமிஷம் காற்றில் நடந்தபின், பாப்பாத்தி நடுரோட்டில் நின்றாள்.

“அடியே. மறுக்காவும் சட்டையப் பத்திப் பேசிட்டு வந்துட்டோம்.”

“ஏழாவது தடவைக்கா,” என்றாள் கூட வந்தவள். “எனக்கென்னமோ செய்வினைன்னுதான் படுது.”

“மேகலாகிட்டப் போயி என்னத்தடி சொல்லுவேன்? கட்டிலோட கெடக்கறா. சட்டை ஷோக்கா இருந்துச்சுன்னா சொல்றது?”

மேகலா பாப்பாத்தியின் மகள், அதே மில்லில் வேலை. பங்குனியில் ஷிப்ட் முடிந்து, தள்ளிப் போன ஸ்டாப்புக்கு பைபாஸ் ஓரமாக நடந்தபோது ஒரு லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. இதையெல்லாம் கூட வந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் கோகிலவாணியால் சும்மா இருக்க முடியவில்லை. தான் யார், தான் மாட்டிய சாமான் என்ன செய்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பாப்பாத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப எங்க கோவம் எங்கீங்க?”

“எர்த் குழிக்குள்ள போயிருச்சுங்கக்கா.”

“ஏழு தடவையும்?”

“ஏழு தடவையும்.”

“ஏனம்மிணி, வீடு பூந்து ஒரு சாமானத் தூக்கிட்டுப் போனா மனு குடுக்கலாம். இதுக்கு எங்க போயி மனு குடுக்கறது? அங்கதான் போவோணும். போனா மறுக்காவும் சட்டை.” சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள். “சிரிக்கறேன்னு மன்னிச்சுட்டதா நெனச்சுக்காதீங்க. போயிக் கழட்டுங்க அதை.”

கோகிலவாணி கழற்றத்தான் போனாள். ஆனால் கொக்கிகள் இப்போது நகராட்சிச் சொத்து. ஆணையர் சொல்லாமல் தொடக்கூடாது. ஆணையர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். வெளியே வரும்போது, சத்துணவுக் கூடங்களுக்கு இன்னும் ஐம்பது கொக்கி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டாம் முறை போகும்போது ‘கழற்றச் சொல்’ என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள். ஆணையரின் மேஜைமேல் கையை விரித்துப் பார்த்தாள். தன் கையெழுத்து எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

“நீங்க தேற மாட்டீங்க,” என்றாள் பாப்பாத்தி, இதைக் கேட்டுவிட்டு. “ரப்பருல அது ஏறுமா?”

“ஏறாதுக்கா.”

“சாயப் பிரிவுல முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ் போடறோம். அது ஆவுமா?”

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. “ஆகும். நைலான் சேலை கட்டுங்க. ரப்பர் செருப்பு போடுங்க. ஆட்டோவுல வராதீங்க, காத்துல நடந்தே வாங்க.”

அடுத்த திங்கட்கிழமை முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நைலான் சேலைகள் நடக்க நடக்கச் சடசடத்தன. எல்லோர் கையிலும் முழங்கை வரைக்கும் ஆரஞ்சு நிற ரப்பர். தலைமுடி எல்லாம் கொஞ்சம் எழும்பி நின்றது.

“கிளவுஸைக் கழட்டிட்டு டோக்கன் எடுங்க,” என்றார் வெள்ளிங்கிரி.

“கையில சேத்துப்புண்ணுங்க.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

வெள்ளிங்கிரி புன்னகையோடு வழிவிட்டார். முப்பத்தொரு பேரும் நேராக ஆணையர் அறைக்குள் போனார்கள். அவர் எழுந்து நின்று வரவேற்று நாற்காலி போடச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. பாப்பாத்தி பேச ஆரம்பித்தாள். மாசியில் ஸ்டாப் நகர்ந்ததிலிருந்து லாரி வரைக்கும், லாரியிலிருந்து கட்டில் வரைக்கும். குரல் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அங்கேதான் கோகிலவாணிகூட எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆணையர் தினமும் எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு மேல் அந்த மேஜையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர். அவர் உடம்பில் கோபம் இல்லை. கோபத்தோடு சேர்ந்து பிடிவாதமும் போயிருந்தது. ‘பார்க்கலாம்’, ‘மேலே எழுதியிருக்கிறோம்’, ‘விதிமுறை இடம் கொடுக்காது’ என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச முறுக்குகூட மிச்சம் இல்லை. இத்தனை நாளும் எதிரே வந்தவர்களும் அப்படியே இருந்ததால் இது யாருக்கும் தெரியவில்லை.

“நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு,” என்று கையெழுத்துப் போட்டார்.

பாப்பாத்தி பேச வைத்திருந்ததில் பாதி மிச்சம் இருந்தது. ஒரு நொடி தடுமாறிவிட்டு, “மில்லு வாசல்ல விளக்கு?” என்றாள்.

கையெழுத்து.

“ஸ்டாப்புல நெழலு?”

கையெழுத்து.

சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்காரர் போனில் கத்தியபோது, “நீங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு,” என்றார் ஆணையர். ஆனால் அதற்குள் பாப்பாத்தி உத்தரவைக் கையோடு கொண்டுபோய்ப் பஸ் டெப்போவில் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை காலை ஷிப்டுக்கு மில் வாசலில் பஸ் நின்றது. இறங்கிய பெண்கள் அன்றைக்கும் கிளவுஸ் போட்டிருந்தார்கள். கழற்ற மனம் வரவில்லையாம்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. அந்த வாரமே நெருஞ்சிப்பாளையத்தில் ரப்பர் கிளவுஸ் தீர்ந்துபோனது. கிடைக்காதவர்கள் கையில் பால் பாக்கெட் உறையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டவர்களுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. நியாயமானவையும் கிடைத்தன, பத்து வருஷமாக ஓடிய சாக்கடை ஒன்று நான்கு நாளில் மூடப்பட்டது. மற்றவையும் கிடைத்தன. ஒரே குளத்தைத் தங்கள் வார்டுக்கே சொந்தம் என்று மூன்று வார்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதி வாங்கிப் போனார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு மாமரத்தில் தன் பக்கம் சாய்ந்த கிளைகளுக்கு உரிமை வாங்கிவிட்டார். கையுறை இல்லாமல் வந்த வயதானவர்கள் மட்டும் முன்போலவே சட்டையைப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்கள். கோகிலவாணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாப்பாத்தியிடம் வாங்கி வந்த கிளவுஸை வாசலிலேயே நின்று அவர்களுக்கு மாட்டி அனுப்பினாள்.

பிறகு ஆணையர் நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குப் போனார். மலைமேல் நல்ல காற்று. திரும்பி வந்து, மேஜையில் கை வைக்கும் முன்னால், நின்றபடியே கோப்புகளைப் புரட்டினார். மாமரக் கோப்பு வரும்போது அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அரை மணி நேரத்தில் கோகிலவாணிக்குப் போன், எல்லாக் கொக்கியையும் கழற்றச் சொல்லி. வீட்டுக்கு வீடு கொக்கி மாட்டும் திட்டமும் அத்தோடு ரத்து. பஸ் ஸ்டாப் கோப்பை மட்டும் அவர் இரண்டு முறை படித்துவிட்டு, அப்படியே மூடி வைத்தாராம்.

கவுண்டரில் கடைசிக் கொக்கியைக் கழற்றும்போது வெள்ளிங்கிரி பக்கத்தில் வந்து நின்றார்.

“வர்ற திங்கக்கிழமை மனு நாளுங்க,” என்றார்.

“ஆமாங்கண்ணா.”

“பதினெட்டு வருஷமாத் திட்டு வாங்கறேனுங்க. ஸ்டாப்பை மாத்தறதும் ரோட்டைத் தோண்டறதும் நானா? ஆனா எல்லாருக்கும் எட்டற மூஞ்சி என்னுதுதான். இந்த ரெண்டு மாசம் ஒருத்தரும் என்னத் திட்டல. தப்புத்தான்னு தெரியுதுங்க. இருந்தாலும்…” வாக்கியத்தை முடிக்காமல் கவுண்டரைத் துணியால் துடைத்தார். கோகிலவாணி கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

இனி அந்தப் பசையை அரைப்பதில்லை என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். அதைக் கலைக்க வந்தவள் பாப்பாத்தியே. ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராக மாவு மில்லுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணு வேணும், அம்மிணி.”

“அக்கா, நீங்களா?”

“மேகலா காலைப் பாக்கறப்பெல்லாம் பத்திக்கிட்டு வருது. அடிச்சவன் கைக்கு ஆப்படலை. அவ மேலதான் எரிஞ்சு விழுகறேன். ஏண்டி ஓரமா நடக்கலைங்கறேன், ஏண்டி பராக்குப் பாத்தேங்கறேன். பாவம், அது சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குது.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “கோவம் வேணும். வேண்டாங்கல. வெளிய போறப்ப வேணும். வீட்டுக்குள்ள வேண்டாம். போடறதும் நிறுத்தறதும் என் கையில இருக்கறாப்பல ஒண்ணு செஞ்சு குடுங்க.”

கோகிலவாணி இதை யோசித்ததே இல்லை. இத்தனை நாளும் கொக்கி என்றால் மாட்டுவது அல்லது கழற்றுவது. ஒயரின் நடுவில் சின்னதாக ஒரு சுவிட்ச் வைக்க அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பாத்தி வீட்டுக் கிரைண்டரின் முதுகில் அதை மாட்டினாள். கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த மேகலா, கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாத்தி சுவிட்சைப் போட்டுக் கிரைண்டரைப் பிடித்தபடி மகளின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

“வலிக்குதா கண்ணு?” என்றாள்.

அப்படி ஒரு கேள்வியை அம்மா கேட்டு மூன்று மாதம் இருக்கும். “கொஞ்சந்தான்மா,” என்றாள் மேகலா. பிறகு, “ஆனா அரிக்குது,” என்று சிரித்தாள். பாப்பாத்தி ஒரு பின்னல் ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கோகிலவாணி கிரைண்டர்மேல் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டாள். நூல் மில்லின் தொழிலாளர் நல அலுவலர். மிக இனிமையான குரல்.

“உங்க கொக்கியப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன் மேடம். எங்க மில்லுக்கு மெஷினுக்கு ஒண்ணா இருநூறு வேணும். இப்ப சுவிட்ச் வச்சது வந்திருக்காமே? அது இன்னும் விசேஷம். சுவிட்சை எல்லாம் மட்டும் எங்க ஆபீஸ் ரூமுல ஒரே இடத்துல வச்சுக் குடுத்துருங்க. ஆளுங்க நிம்மதியா வேலை பார்க்கணும், அதுதான் எங்களுக்கு முக்கியம். என்ன சொல்றீங்க?”

கோகிலவாணிக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. நல்ல மனிதர். எவ்வளவு அக்கறை.

“செஞ்சுற…” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் பாப்பாத்தி எட்டிச் சுவிட்சை நிறுத்தினாள். கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் அந்தக் கையைக் கிரைண்டரிலிருந்து தூக்கி எடுத்தாள். போனை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினாள். அவளும் பாதி புரிந்து பாதி புரியாமல் மொட்டை மாடிக்குப் படியேறினாள். மேலே வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது.

“ஹலோ? மேடம்? இருக்கீங்களா?” என்றது போன்.

“இருங்க சார், லைன்லயே இருங்க,” என்றாள் பாப்பாத்தி பொறுமையாக. “அம்மிணி கோவம் எடுத்துட்டு வரப் போயிருக்குது. ஒரு பத்து நிமிசம்.”